டிரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தை: ஊரை விட்டு வந்தவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது?

கணினிச் சில்லுத் தொழிற்சாலை வேலைக்கோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் படிப்புக்கோ தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு வந்து சேரும் கிறிஸ்தவக் குடும்பத்தார், நவம்பர் மாதக் கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பண்டிகை வந்துவிட்டது என்ற உணர்வு இந்த ஊரில் எங்கே போனால் கிடைக்கும்? கேட்கப்படுபவர் யாராக இருந்தாலும் கைகாட்டும் இடம் ஒன்றுதான். அது, நகரின் நடுவே ஆல்ட்மார்க்ட் சதுக்கத்தில் கூடும் ஷ்ட்ரீட்செல்மார்க்ட் என்னும் கிறிஸ்துமஸ் சந்தை. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபையில் வளர்ந்து, இந்நகரில் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான் அந்தச் சந்தையைப் பற்றிய என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்டிகைக்கு முந்தைய நான்கு வார அட்வெந்து காலத்தை இந்தச் சந்தை நிறைவாகவே தருகிறது. ஆனால் கிறிஸ்துமஸ் இரவையும் விடியலையும் அதனால் தர முடியாது. அவற்றை அதே சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் கிராய்ட்ஸ் தேவாலயத்தில்தான் தேட வேண்டும்.

சந்தையின் வயது பெரிது. 1434-ஆம் ஆண்டு சாக்சனியின் ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரெடெரிக், பண்டிகைக்கு முன்பாக ஒரே ஒரு நாள் இறைச்சிச் சந்தை கூட அனுமதி அளித்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. இன்று அட்வெந்து முதல் ஞாயிற்றுக்கு முந்தைய வாரத்தில் திறந்து, டிசம்பர் 24-ஆம் தேதி பிற்பகல் வரை நடக்கிறது. 200-க்கும் மேற்பட்ட மரக்கடைகள், அவற்றின் நடுவே பெரிய தேவதாரு மரம், 14 மீட்டருக்கும் மேல் உயர்ந்து சுழலும் மரக்கோபுரம் என்று சதுக்கம் முழுவதும் நிறைந்திருக்கும். டிசம்பர் நடுவில் இங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து வெளியே வருபவருக்கு ஊரே இருண்டு கிடக்கும் அந்த நாட்களில் இத்தனை விளக்குகள் ஒரே இடத்தில் எரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, நம் ஊர் டிசம்பரை மட்டும் அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்த பிறகே புரியும்.

வாங்கத் தகுந்தவற்றில் முதலிடம் எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதியின் மரவேலைகளுக்குத்தான். செக் எல்லையை ஒட்டிய அந்த மலைகளில் வெள்ளியும் வெள்ளீயமும் தோண்டி வாழ்ந்த மக்கள், சுரங்கத் தொழில் நலிந்தபோது மரம் கடையத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் விடியுமுன் சுரங்கத்தில் இறங்கி, பொழுது சாய்ந்த பின் வெளியே வந்தவர்களுக்குப் பகல் வெளிச்சம் என்பதே கிடையாது. அதனால்தான் அவர்கள் செய்த பொருள்களில் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் விளக்கு இருக்கிறது. சன்னலில் வைக்கும் வில் வடிவ மெழுகுவர்த்தித் தாங்கி, மெழுகுவர்த்திச் சூட்டில் எழும் காற்றால் சுழலும் கோபுரம், இரு கைகளிலும் விளக்கேந்தி நிற்கும் தேவதூதர், பக்கத்தில் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் எத்தனை பெண் பிள்ளைகளோ அத்தனை தேவதூதர்களையும், எத்தனை ஆண் பிள்ளைகளோ அத்தனை சுரங்கத் தொழிலாளர்களையும் சன்னலில் வைப்பது அவ்வூர் வழக்கம்; தெருவில் நடந்து போகிறவர், உள்ளே எத்தனை பிள்ளைகள் என்று வெளியிலிருந்தே எண்ணிவிடலாம்.

ஸைஃபன் என்ற கிராமத்தின் கைவேலையை விசாரித்துப் பாருங்கள். ஈர மரக்கட்டையைக் கடைசல் எந்திரத்தில் பொருத்தி, உள்ளும் புறமும் கணக்காகக் குடைந்து ஒரு வளையமாக எடுக்கிறார்கள். பார்ப்பதற்கு அது வெறும் மேடுபள்ளமான வளையம்தான். அதைத் துண்டு துண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டின் வெட்டு முகத்திலும் ஒரு குதிரையோ மாடோ தெரிகிறது. கடையும்போது உருவம் கண்ணுக்குப் புலப்படாது. கைதான் அதை அறிந்திருக்க வேண்டும். அப்படிச் செய்த ஆட்டுக்குட்டிகளை மாட்டுக்குடிலில் வைக்க வாங்கினால் விலை சற்று அதிகம் என்றாலும் அது கொடுக்கத் தகுந்த விலைதான். வாயைத் திறந்து புகைவிடும் மர மனிதர் பொம்மை இன்னொன்று. உள்ளே சிறு கூம்பு ஒன்றைக் கொளுத்தி வைத்தால் வீடெங்கும் பரவும் மணம், வெள்ளிக்கிழமை மாலை நம் ஊர் வீடுகளில் போடும் சாம்பிராணியைப் போலவே இருக்கிறது. ஊரை விட்டு வந்தவருக்கு இந்தச் சந்தையில் எதிர்பாராமல் கிடைக்கும் பொருள் அதுதான்.

அடுத்தது ஷ்டோலன். நம் ஊர் பிளம் கேக்கை எதிர்பார்த்து வாயில் வைப்பவர்கள் முதலில் ஏமாறக்கூடும். இது புளிக்கவைத்த மாவில் சுடும் கனமான ரொட்டி. குழந்தை இயேசுவைத் துணியில் சுற்றிய வடிவம் என்பார்கள். மேலே வெண்ணெய் தடவி, சர்க்கரைத் தூளை அடர்த்தியாகத் தூவியிருப்பார்கள். அட்வெந்து ஒரு காலத்தில் நோன்புக் காலமாக இருந்ததால் வெண்ணெய் சேர்க்கத் திருச்சபை அனுமதிக்கவில்லை; எண்ணெயில் பிசைந்த மாவு ருசியற்றிருந்தது. சாக்சனி ஆட்சியாளர்கள் ரோமாபுரிக்கு விண்ணப்பித்து, 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட்டிடம் வெண்ணெய்க்கு அனுமதி பெற்றார்கள். இன்று டிரெஸ்டன் ஷ்டோலன் என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு பெற்றது. மாவின் எடையில் பாதியளவாவது வெண்ணெய் இருக்க வேண்டும் என்பது விதி. வாங்கும்போது பொன்னிற முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத, பெரிய அங்காடிகளில் மலிவாகக் கிடைக்கும் ஷ்டோலனைத் தின்றுவிட்டுப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். திராட்சையை ரம்மில் ஊறவைப்பது இங்கே வழக்கம் என்பதால், மது சேர்க்காதவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. வாங்கிய அன்றே வெட்டாமல் இரண்டு மூன்று வாரம் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால் ருசி கூடுகிறது. ஓரத்திலிருந்து வெட்டாமல் நடுவிலிருந்து துண்டு போட்டு எடுத்து, இரு பாதிகளையும் மறுபடி நெருக்கி வைத்தால் கடைசி வரை காயாமல் இருக்கும்.

என் மனத்துக்கு மிக நெருக்கமான கடை, புல்ஸ்நிட்ஸ் ஊரின் மசாலா ரொட்டி விற்கும் கடைதான். டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள சிற்றூர் அது. 1558-இலேயே இந்த ரொட்டி சுடும் உரிமையை அவ்வூர் ரொட்டிக்காரர்கள் பெற்றிருந்தார்கள். தேனோ பாகோ கலந்து பிசைந்த மாவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அப்படியே வைத்திருந்து, அதன் பிறகுதான் பட்டை, கிராம்பு, ஏலம், சோம்பு எல்லாம் சேர்த்துச் சுடுகிறார்கள். நடுவில் பழக்கூழ் வைத்து, மேலே சாக்லேட் பூசிய சிறிய வகை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு ஒன்றும் பூசாத சாதாரண ரொட்டியே பிடிக்கும், ஏலக்காய் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. அந்த ஏலமும் பட்டையும் நம் பக்கத்து மலைகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடல் கடந்து வந்தவை. அதே புல்ஸ்நிட்ஸில் 1682-இல் பிறந்த ஒருவர், 1706-இல் எதிர்த்திசையில் கடல் கடந்து தரங்கம்பாடியில் இறங்கினார். அவர்தான் சீகன்பால்கு ஐயர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர். தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது, அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்த ஆலயத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அவர் பிறந்த ஊர்ப் பெயர் ஒரு ரொட்டிப் பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருப்பதைக் காணும்போது இந்த நாடு சட்டென்று அந்நியம் குறைந்துபோகிறது.

வாங்க வேண்டிய இன்னொரு பொருள் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மொரேவியன் சபை என்னும் புராட்டஸ்டன்ட் பிரிவினரின் பள்ளி ஒன்றில் மாணவர்களுக்கு வடிவியல் கற்பிக்கச் செய்யப்பட்டது இது என்கிறார்கள். 17 நாற்கோணக் கூம்புகளும் 8 முக்கோணக் கூம்புகளும் சேர்ந்து 25 முனைகள். பிரித்த நிலையில் பெட்டியில் வரும். வீட்டில் உட்கார்ந்து நாமேதான் கோக்க வேண்டும். காகித வகையில் ஒவ்வொரு முனையையும் அதற்குரிய இடத்தில் பொருத்தக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆகவே பிள்ளைகளுடன் சேர்ந்து செய்ய ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அட்வெந்து முதல் ஞாயிறன்று அதை மாட்டி விளக்கேற்றிவிட்டால், வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டாமல் கிறிஸ்துமஸ் இல்லை என்று வளர்ந்த நமக்குப் பாதிக் குறை தீர்ந்துவிடும். பால்கனியில் தொங்கவிட விரும்பினால் மழையைத் தாங்கும் பிளாஸ்டிக் வகையை வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. வெள்ளி, சனி மாலைகளில் கைக்குழந்தையோடு உள்ளே நுழைவதே கடினம். பலர் வருவது சூடான திராட்சை மதுவுக்காக என்பதால், இருட்டிய பின் கூச்சல் அதிகம். பிள்ளைகளுக்கு மது கலக்காத சூடான பழரசம் கிடைக்கும். கோப்பைக்கு முன்பணம் கொடுத்து, திருப்பித் தரும்போது வாங்கிக்கொள்ளலாம். எங்கும் கிடைக்கிற சாமான்களை விற்கும் சில கடைகள் இங்கும் புகுந்துவிட்டன, அவற்றைக் கடந்து போய்விடுங்கள். வாரநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய், விளக்குகள் ஏறும்வரை இருந்து திரும்புவதே குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஏற்றது.

ஆனால் பெரிய குறை, சந்தையின் குறையே அல்ல. 24-ஆம் தேதி பிற்பகலில் கடைகளை மூடிவிடுகிறார்கள், சற்று நேரத்தில் நகரமே அடங்கிவிடுகிறது. ஜெர்மானியர்களுக்கு அந்த மாலை முழுக்க முழுக்க வீட்டுக்குள், குடும்பத்துக்குள். நமக்கோ அந்த நேரத்தில்தான் எல்லாம் தொடங்கும். கேரல் பவனி தெருத்தெருவாக வரும், புத்தாடை மடிப்புக் கலையாமல் காத்திருக்கும், அதிரசமும் முறுக்கும் தட்டுத் தட்டாக அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் போகும். இங்கே சன்னல்தோறும் விளக்கு எரிய, தெருவில் ஒருவரும் இல்லாத அந்த மாலையில் முதல் ஆண்டு தனியாக இருப்பவர் அழுதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக இருக்கும் மாணவர்களை அன்று இரவு உணவுக்கு அழைப்பது, இங்கே குடும்பமாக வாழும் தமிழர்களின் கடமை என்றே கருதுகிறேன்.

அந்த மாலையிலும் திறந்திருக்கும் கதவு கிராய்ட்ஸ் தேவாலயத்துடையது. 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் உள்ளே எரிந்துபோன இந்த ஆலயத்தை மீண்டும் கட்டியபோது, பழைய அலங்காரங்களைத் திரும்பச் செய்யாமல் சுவர்களைச் சொரசொரப்பான பூச்சோடு விட்டுவிட்டார்கள். அந்த வெறுமையில் மெழுகுவர்த்தி வெளிச்சம் விழும்போது வேறு எந்த அலங்காரமும் தேவைப்படவில்லை. இங்கே பாடும் சிறுவர் பாடகர் குழுவுக்கு 800 ஆண்டு வரலாறு உண்டு. 24-ஆம் தேதி மாலை ஆராதனைக்குக் கூட்டம் மிக அதிகம், அனுமதி முறையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நான் பரிந்துரைப்பது 25-ஆம் தேதி காலை ஆறு மணி ஆராதனையை. கிறிஸ்து பிறப்பின் செய்தியை அந்தச் சிறுவர்களே பாட்டாகவும் நாடகமாகவும் நடத்துகிறார்கள். விடியுமுன் எழுந்து, குளித்து, இருட்டில் கோயிலுக்குப் போகும் நம் சபைகளின் வழக்கம் இங்கே அப்படியே கிடைக்கிறது. ஜெர்மன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி பப்ரீஷியஸ் ஐயர் காலத்திலிருந்து நம் லுத்தரன் சபைகளில் பாடிவரும் ஞானப்பாட்டுகளில் பல, இந்த நாட்டு மெட்டுகளிலேயே அமைந்தவை. ஆர்கன் முதல் அடியை எடுத்ததும் உதடுகள் தாமாகவே தமிழ்ச் சொற்களைச் சொல்லத் தொடங்கிவிடும். சபையார் அத்தனை பேரும் ஜெர்மனில் பாட நான் தமிழில் பாடியிருக்கிறேன், மெட்டு எங்கும் இடறவில்லை. நான்கு வாரம் சந்தையில் தேடியது அந்த இருக்கையில்தான் எனக்குக் கிடைத்தது.

25, 26 இரண்டும் இங்கே பொது விடுமுறை, மளிகைக் கடைகள் திறக்கமாட்டா. பிரியாணிக்கு வேண்டியதை 24-ஆம் தேதி காலைக்குள் வாங்கிவிடுங்கள். விடுமுறை அதிகாலையில் டிராம்கள் குறைவாகவே ஓடுவதால், ஆறு மணி ஆராதனைக்குப் போகிறவர்கள் வண்டி நேரத்தை முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.