பழைய பித்தளை மேஜை விளக்கு: அத்தனை அழகும் ஒரு நட்டின் தயவில்

கிரேக்க, ரோமானியத் தூண் வடிவில் வரும் பழைய கைவேலை மேஜை விளக்கை வாங்கலாமா என்று கேட்டால், ஷேடு, பல்ப், பாலிஷ் பற்றித்தான் பதில் வரும். அடியில் ஒளிந்திருக்கும் நட்டைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. நீண்டநாள் வைத்துப் புழங்கினால் வேறு எதுவும் கண்ணில் படாது.

பார்வைக்கு ஒரே வார்ப்பு போலிருக்கும். உள்ளே அப்படியில்லை. சதுரப் பீடம், இலைமாலை வளையம், வரிப்பள்ளம் ஓடும் தூண், அகாந்தஸ் (பழங்காலத் தூண்களில் செதுக்கும் முள்ளிச்செடி) இலை விரியும் தூண்தலை, ஹோல்டர் எல்லாம் தனித்தனித் துண்டுகள். நடுவில் ஓடும் மரைக்குழாய் ஒன்றில் கோத்து, அடியில் ஒரே நட்டால் இறுக்கியிருப்பார்கள். அது கால் சுற்று தளர்ந்தால் போதும், தூண் திரும்பிவிடும்.

உருண்டையான குடுவை விளக்கென்றால் திரும்பியது தெரியவே தெரியாது. இந்தப் பாணியில் மேலேயும் சதுரம், கீழேயும் சதுரம். இரண்டும் ஐந்து டிகிரி விலகினாலே முழு விளக்கும் கோணலாகத் தெரியும். ஒழுங்கையே அழகாக வைத்த பாணிக்கு இப்படி ஒரு பலவீனம்!

தளர்வதற்குக் காரணங்கள் உண்டு. இறுகிய பல்பை இடப்பக்கம் திருகிக் கழற்றும்போது, அந்த விசை ஹோல்டர் வழியாகக் குழாய்க்கு இறங்கி, அடி நட்டையும் அவிழ்க்கும் திசையிலேயே தள்ளுகிறது. தூணைப் பிடித்துத் தூக்குவது இன்னொன்று. குழாய் இரும்பாகவும் உடல் பித்தளையாகவும் இருந்தால், சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. இடையிலுள்ள அட்டை வாஷரும் காலப்போக்கில் நசுங்கி மெலியும்.

கோணல் கண்ணுக்கு மட்டும் என்றால் பொறுத்துப்போகலாம். ஹோல்டர் சுழலும்போது உள்ளே வயரும் முறுக்கிக்கொள்கிறது. துணி சுற்றிய பழைய வயரின் ரப்பர் உறை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். முறுக்கு விழுந்த இடத்தில் செம்பு வெளியே வந்து குழாயைத் தொட்டால் விளக்கு முழுவதும் மின்சாரம். அதனால் துணிச்சுற்று வயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். 0.75 சதுர மி.மீ. மூன்று கம்பி வயர் போதும். ஃபேஸ் ஹோல்டரின் நடுமுனைக்கு, நியூட்ரல் திருகுமரைக்கு, எர்த் குழாய்க்கோ பீடத்துக்கோ. வயர் நுழையும் துளையில் புஷ்ஷும் (விளிம்பில் வயர் உரசாமல் காக்கும் வளையம்), உள்ளே இழுவைப் பிடிப்பானும் (வயரை இழுத்தாலும் இணைப்பு கழலாமல் பிடிப்பது) கட்டாயம்.

நட்டைச் சரிசெய்யும் முறை இது. பிளக்கைப் பிடுங்கி, ஷேடையும் பல்பையும் கழற்றி, விளக்கைத் துணிமேல் படுக்கவையுங்கள். அடியில் ஒட்டியுள்ள ஃபெல்ட் துணியை ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். திரும்ப ஒட்டும்போது நடுவில் பாக்ஸ் ஸ்பேனர் நுழையும் அளவு ஓட்டை விட்டால், அடுத்தமுறை உரிக்கும் வேலை மிச்சம். (அடுத்தமுறை நிச்சயம் வரும்.) அட்டை வாஷரைத் தூக்கிப்போட்டு ஃபைபர் வாஷர் வையுங்கள். அடியில் ஸ்டார் வாஷர் (நட்டு தளராமல் பிடிக்கும் பல்வளையம்), ஒரு நட்டு, அதன்மேல் பூட்டாக இன்னொரு நட்டு. இறுக்கும்போது நட்டோடு தூணும் கொஞ்சம் நகரும். அந்த அளவை எதிர்ப்பக்கம் விட்டுத் தொடங்கினால் சதுரங்கள் கடைசியில் நேராக நிற்கும். பலத்தைக் காட்டவேண்டாம், தகட்டுத் தூண் நசுங்கும். புது நட்டு வாங்குமுன் மரையைப் பாருங்கள்: அமெரிக்க விளக்குகளில் அங்குலத்துக்கு 27 மரை, ஐரோப்பியவற்றில் பெரும்பாலும் 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரை இடைவெளியும். பார்க்க ஒன்றுபோலிருக்கும், ஒன்றோடொன்று சேராது.

துத்தநாக வார்ப்பில் பித்தளைப் பூச்சு போட்டு வந்தவையும் ஏராளம். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, எனவே அது சோதனையே அல்ல. பீடத்தின் உட்புறத்தில் லேசாகச் சுரண்டுங்கள்: மஞ்சள் என்றால் பித்தளை, சாம்பல் என்றால் துத்தநாகம். துத்தநாகத் தூண்தலை அதிக இறுக்கத்தில் விரிசல் விடும். பித்தளையிலும் அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். தகட்டை அழுத்தி வடிவமைத்த மெல்லிய பகுதிகளில் வெடிப்பு விழும்.

இவ்வளவு திட்டினாலும் வேலைப்பாட்டைக் குறைசொல்ல வாயில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அகாந்தஸ் இலையைப் பாருங்கள். நரம்பு ஒவ்வொன்றிலும் உளி நின்று நின்று போன சின்னச் சின்னப் படிகள் தெரியும். பக்கத்து இலையில் அதே படி இருக்காது. அச்சில் வந்த மலிவு நகல்களில் இலை வழவழவென்று சோப்பில் செய்ததுபோல் கிடக்கும். எட்டு வாட் எல்இடி பல்ப் போட்டால் பழைய 60 வாட் வெளிச்சம் கிடைக்கிறது, சூடும் குறைவு. தூணின் வரிப்பள்ளங்களில் அந்த வெளிச்சம் இறங்குவதைப் பார்க்க அலுக்காது.

கேட்டவருக்கு என் பதில், வாங்காதீர்கள். ஸ்பேனரைக் கீழே வைத்த கையோடு எழுதுவதால் இப்போதைக்கு இதுதான் தீர்ப்பு. மீறி வாங்குவதென்றால், கடையிலேயே பீடத்தைப் பிடித்துக்கொண்டு தூண்தலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் வயர், வாஷர், நட்டு மூன்றின் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.