பழைய செமி ஓட்டோவைத் திருத்துவதா, புதிய ஃபுல் ஓட்டோ எடுப்பதா?

வீட்டிலிருக்கும் செமி ஓட்டோ, அதாவது இரட்டைத் தொட்டி வோஷிங் மெஷினைக் கொடுத்துவிட்டு ஃபுல் ஓட்டோ ஒன்று எடுக்கச் சொல்லி வவுனியாவில் இருக்கும் அக்கா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "உந்தப் பழசைக் கட்டி அழாதை தம்பி" என்பார். நான் பழையதையே திருத்தி வைத்துக்கொண்டேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளைப் பக்கம் இருப்பவனுக்கு அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அக்கா வீட்டு மெஷினையும் கிட்ட நின்று பார்த்தவன் என்பதால் அதன் நல்லதையும் மறைக்கப் போவதில்லை.

ஃபுல் ஓட்டோவின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது. உடுப்பைப் போட்டு பொத்தானை அமுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இரட்டைத் தொட்டியில் ஈர உடுப்பைக் குனிந்து அள்ளி, பிழியும் தொட்டிக்குள் போட வேண்டும். முதுகு நோ உள்ளவர்களுக்கு இது பெரிய பாடு. அம்மா மட்டும் தனியே இருக்கும் வீடென்றால் நானும் அக்கா பக்கமே பேசியிருப்பேன்.

தண்ணீரில் கணக்கு மாறுகிறது. ஃபுல் ஓட்டோ ஒவ்வொரு அலசலுக்கும் புதுத் தண்ணீர் எடுக்கும். ஒரு தடவை தோய்த்து முடிக்க 100 லீற்றருக்கு மேல் போய்விடும். இரட்டைத் தொட்டியில் வெள்ளை உடுப்புத் தோய்த்த தண்ணீரிலேயே அடுத்து வயலுக்குப் போட்ட சாரத்தையும் களிசானையும் போடலாம். ஆவணி, புரட்டாசியில் கிணறு கீழே போகும்போது இதன் அருமை தெரியும். அதோடு, பல ஃபுல் ஓட்டோக்களின் கையேட்டில் தண்ணீர் அழுத்தம் குறைந்தது 0.03 மெகாபாஸ்கல் வேண்டும் என்று போட்டிருக்கும், சிலதில் 0.05. தண்ணீர்த் தாங்கி மெஷினின் குழாய்வாயை விட 3 முதல் 5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். எங்கள் பக்கத்து வீட்டுத்திட்ட வீடுகளில் தாங்கி பெரும்பாலும் அவ்வளவு உயரத்தில் இல்லை. அப்போது மெஷின் தண்ணீருக்காகக் காத்துக் காத்து, கடைசியில் பிழைக் குறியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இரட்டைத் தொட்டிக்கு வாளியால் ஊற்றினாலும் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று பிழிவு. இரட்டைத் தொட்டியின் பிழியும் மோட்டர் கூடையை நேரே சுற்றுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 சுற்று. மேல்மூடி ஃபுல் ஓட்டோக்களில் பெரும்பாலும் 700 அளவுதான். வெயில் காலத்தில் இது ஒரு பொருட்டே இல்லை, கொடியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மாரியில், கார்த்திகை மார்கழி மழையில், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை விடியுமுன் காய வேண்டுமென்றால் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் இருக்க, என்னை முடிவெடுக்க வைத்தது திருத்த வேலைதான்.

இரட்டைத் தொட்டிக்குள் இருப்பவை தனித்தனிச் சாமான்கள்: இரண்டு மோட்டர், அவை சுழலத் தொடங்க உதவும் கப்பாசிற்றர், இரண்டு டைமர், ஒரு பெல்ட், ஒரு கியர்பொக்ஸ், சில றப்பர் சீல்கள். ஒன்று பழுதானால் பெரும்பாலும் மற்றது பாதிக்காது, எது பழுது என்பதையும் மெஷினே காட்டிக்கொடுக்கும். மோட்டர் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டு தோய்க்கும் தொட்டியின் அடியிலுள்ள சுழல்தட்டைக் கையால் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் கப்பாசிற்றரில்தான் சந்தேகம். இறுகி நின்றால் தட்டின் கீழே காசோ ஊசியோ சிக்கியிருக்கலாம், அல்லது கியர்பொக்ஸ். ஒரு பக்கம் மட்டும் சுற்றி மறுபக்கம் சுற்றாவிட்டால் பெரும்பாலும் டைமரின் முனை கருகியிருக்கும், ஏனென்றால் திசையை மாற்றுவது அதுதான். மோட்டர் இரைய இரைய உடுப்பு மெதுவாக அசைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும். பிழியும் பக்கம் சத்தமே இல்லையென்றால் முதலில் மூடியின் சுவிட்சைப் பாருங்கள். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், கப்பாசிற்றரை மாற்றும் முன் பிரேக் கம்பியைப் பாருங்கள். அது நீண்டு தளர்ந்தால் பிரேக் கட்டை விலகாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கப்பாசிற்றர் மாற்றும்போது பிளக்கைக் கழற்றினாலும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய இழை பல்ப் போட்ட ஒரு ஹோல்டரின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் வைத்து இறக்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். புதியதில் மைக்ரோபரட் (µF) எண் பழையதைப் போலவே இருக்க வேண்டும், வோல்ட் எண் குறையக் கூடாது.

இந்தச் சாமான்களில் முக்கால்வாசிக்குக் கம்பனிப் பெயர் தேவையில்லை. பெல்ட்டை அளவு பார்த்து வாங்கலாம், கப்பாசிற்றரை எண் பார்த்து வாங்கலாம், டைமரை வயர் எண்ணிக்கை பார்த்து வாங்கலாம். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போனால் வேலை முடிந்தது. ஃபுல் ஓட்டோவில் தண்ணீர் வால்வு, வடிகால் மோட்டர், மூடிப் பூட்டு எல்லாம் ஒரே மின்னணுப் போர்டுக்குக் கீழே வேலை செய்கின்றன. அந்தப் போர்ட் அந்த மொடலுக்கு மட்டுமே பொருந்தும். ஐப்பசி இடிமின்னலில் அக்கா வீட்டுப் போர்ட் போனது. கடைக்காரர் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார். அது வந்து சேரும்வரை அக்கா கையால்தான் தோய்த்தார். இங்கிருந்து அப்படி ஒரு மெஷினை ஏற்றிக்கொண்டு ஏ34 வீதியில் மாங்குளம் வந்து, ஏ9இல் வவுனியா போய் வருவதை நினைத்தாலே களைக்கிறது.

பராமரிப்பிலும் இதே கதைதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் வகை. அந்தச் சுண்ணாம்பும் சலவைத்தூளும் சேர்ந்து மெஷினுக்குள் களியாக ஒட்டும். இரட்டைத் தொட்டியில் நடு ஆணியைக் கழற்றிச் சுழல்தட்டைத் தூக்கினால் எல்லாம் கைக்கு வரும். வினாகிரி போட்டுத் தேய்க்கலாம். ஃபுல் ஓட்டோவில் இரண்டு தொட்டிக்கும் இடையே படிவதைக் காண்பதென்றால் பாதி மெஷினைப் பிரிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போகும் வாயிலுள்ள சிறு வலையையாவது அடிக்கடி கழுவுங்கள் என்று அக்காவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பழையதில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது பிழியும் கூடையின் அடியிலுள்ள றப்பர் சீல். அது வெடித்தால் தண்ணீர் நேரே மோட்டரின் மேல் சொட்டும். பிழியும்போது கிறீச்சென்ற சத்தம் வரத் தொடங்கினால் தாமதிக்காமல் சீலை மாற்றினால் மோட்டர் தப்பும். அப்புறம் எலி. அடியில் கம்பிவலை அடித்துவிட்டால் வயர் பிழைக்கும்.

முன்பக்கம் கதவுள்ள மெஷினையோ இன்வெர்ட்டர் மோட்டரையோ நான் திறந்து பார்த்ததில்லை, அதனால் அவற்றைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். வவுனியா நகரில் குழாய்த் தண்ணீரும் கூப்பிட்டால் வரும் மெக்கானிக்கும் இருந்தால் ஃபுல் ஓட்டோ தாராளமாக எடுக்கலாம். என் மெஷினில் கியர்பொக்ஸும் பிழியும் மோட்டரும் ஒரே நேரத்தில் போனால் அதற்கு மேல் செலவழிக்க மாட்டேன். கியர்பொக்ஸ் பொதுச் சாமான் இல்லை, பழைய மொடலுக்குத் தேடி எடுப்பது கஷ்டம். அப்போதும் வாங்குவது இன்னொரு இரட்டைத் தொட்டியாகத்தான் இருக்கும், தாங்கியை உயர்த்திக் கட்டும் காசு அதற்குள் சேர்ந்தால் ஒழிய.