சுவர் தடை என்று யார் சொன்னது? ‘பாபா இஸ் யூ’ விளையாடிய நான்கு மாதம்

இருபது வருடமாக எனக்கு வாக்கியங்களோடுதான் பிழைப்பு. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பள்ளிக் கைடுகளுக்கு புரூஃப் பார்க்கிறேன். ஒரு சொல் இடம் மாறினால் பொருள் எப்படிப் புரண்டுவிடும் என்பதைத் தினமும் சிவப்புப் பேனாவோடு பார்க்கிறவன். அதனால்தானோ என்னவோ, ஒன்பதாவது படிக்கும் மகள் என் போனில் போட்டுக் கொடுத்த ‘பாபா இஸ் யூ’ என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது. நான்கு மாதமாக வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறியதும் அதைத்தான் திறக்கிறேன்.

முதல் கட்டத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன். பாபா என்பது வெள்ளையாக, முயலா ஆடா என்று சொல்ல முடியாத ஒரு சின்ன உருவம். இரண்டு பக்கமும் சுவர், நடுவே கற்கள், கற்களுக்கு அப்பால் ஒரு கொடி. கொடியைத் தொட்டால் வெற்றி. இதுவரை எல்லோரும் பார்த்த விளையாட்டுதான். ஆனால் அதே திரையில் நான்கு வாக்கியங்களும் கட்டை கட்டையாகக் கிடக்கின்றன. பாபா இஸ் யூ. ஃபிளாக் இஸ் வின். வால் இஸ் ஸ்டாப். ராக் இஸ் புஷ். அதாவது நீ பாபா, கொடி வெற்றி, சுவர் தடை, கல் தள்ளக்கூடியது. படித்துவிட்டு நகர்ந்துபோக இவை அறிவிப்புப் பலகைகள் இல்லை. அந்த உலகத்தின் சட்டமே இவைதான். சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் பாபா முட்டித் தள்ளலாம்.

நான் ஒழுங்காகக் கல்லைத் தள்ளி, கொடியைத் தொட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தேன். மகள் அதே கட்டத்தை மறுபடி திறந்து, ‘ஸ்டாப்’ என்ற கட்டையை ஒரே ஓர் இடம் தள்ளினாள். வாக்கியம் அறுந்தது, எழுத்துகள் மங்கின, பாபா சுவருக்குள்ளேயே நடந்து போனது.

“தடைன்னு அந்த வார்த்தைதானேப்பா சொல்லுது? சுவரா சொல்லுது?” என்றாள்.

அன்று இரவு அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். பிறகு வந்த ஒரு கட்டத்தில் ‘வால் இஸ் யூ’ என்று அடுக்கிவிட்டேன். திரையில் இருந்த சுவர் மொத்தமும் என் விரலுக்கு நகர்ந்தது. ‘பாபா இஸ் யூ’ என்பதையே உடைத்துவிட்டால் அங்கே ‘நான்’ என்று யாருமே இல்லை. இசைகூட அடங்கிப்போகிறது. பயப்பட வேண்டாம், எத்தனை அடி வேண்டுமானாலும் பின்னால் போய்ச் சரிசெய்துகொள்ளலாம், தண்டனை கிடையாது.

இதை உருவாக்கியவர் பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்காரி. 2017-இல் நார்டிக் கேம் ஜாம் என்ற போட்டியில், இரண்டே நாளில் செய்ய வேண்டிய விளையாட்டாக முதல் வடிவம் பிறந்தது. அந்த வருடத்துத் தலைப்பு ‘நாட் தேர்’, இல்லாதது. ‘நாட்’ என்ற எதிர்மறைச் சொல்லிலிருந்து அவருக்கு ஒரு படம் தோன்றியிருக்கிறது. எரிமலைக் குழம்பில் ஒரு பனிக்கட்டி. ‘பனி உருகாது’ என்று பக்கத்தில் வாக்கியம் இருப்பதால் அது உருகாமல் நிற்கிறது. அங்கிருந்து வளர்ந்து, 2019 மார்ச்சில் 200-க்கும் மேற்பட்ட கட்டங்களோடு வெளிவந்தது. போனுக்கு 2021-இல் வந்தது.

இதில் தொழில்நுட்பப் புதுமை என்று எதுவும் இல்லை. படங்கள் குழந்தை கிறுக்கியது போலத்தான் இருக்கும். பெட்டி தள்ளும் விளையாட்டும் பழசு. ஜப்பானில் 1982-இல் வந்த ‘சொகோபன்’ அதற்கு முன்னோடி. கிடங்கில் ஓர் ஆள் பெட்டிகளைத் தள்ளி அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். தெய்காரி செய்தது அந்தப் பெட்டிக்குள் விதியை வைத்தது. இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு 200 கட்டமும் அலுக்காமல் போகிறாரே, அதுதான் எனக்கு மலைப்பு.

எப்படிச் செய்கிறார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பாபாவுக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. அதனால் திரையின் மூலையில் ஒட்டி நிற்கும் வாக்கியத்தை உடைக்க முடியாது. எந்தப் பக்கம் தள்ளினாலும் சுற்றுவேலி தடுக்கும். ஆக, ஒரு விதியைப் பூட்ட வேண்டுமென்றால் தெய்காரி அதை மூலையில் வைத்தால் போதும், தனியாகப் பூட்டே வேண்டாம். ஒவ்வொரு புதுக் கட்டத்திலும் நான் முதலில் மூலைகளைத்தான் பார்க்கிறேன். எந்த வாக்கியம் மூலையில் இல்லையோ அதில்தான் அவர் ஏதோ வைத்திருக்கிறார்.

ஒரு கட்டத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். கொடிக்குப் போகும் வழியில் தண்ணீர், தண்ணீரை அடைக்க ஒரு கல் குறைகிறது. மூன்று நாளும் அந்த ஒரு கல்லைத்தான் தேடினேன். கஸ்தூரிபா நகர் தாண்டி ரயில் அடையாற்றின் மேல் போகும்போது சட்டென்று தோன்றியது. நான் எதற்குக் கொடிக்குப் போக வேண்டும்? ‘பாபா இஸ் யூ’வை உடைக்காமல், ‘வின்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து, தனியாகக் கிடந்த இன்னொரு ‘பாபா இஸ்’ என்பதன் பக்கத்தில் வைத்தேன். நானே வெற்றி. கட்டம் முடிந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக ‘அட!’ என்றேன். அன்று திருவல்லிக்கேணியைத் தவறவிட்டு நான் இறங்கியது அடுத்த நிலையமான சேப்பாக்கத்தில்.

இதற்கு முன்னால் என் போனில் கிடந்தவை, வண்ணத் தண்ணீரைக் குப்பி குப்பியாகப் பிரித்து ஊற்றுகிற விளையாட்டுகள். ஒன்றை அழித்தால் அதே குப்பிகளோடு வேறு பெயரில் இன்னொன்று வரும். நடுவே விளம்பரம். பாபாவில் விளம்பரம் இல்லை, ஒருமுறை பணம் கட்டினால் முடிந்தது. நல்ல யோசனைக்குப் பணம் கொடுக்க நாம் தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் நடந்ததைப் பாருங்கள். ‘த்ரீஸ்’ என்ற எண் விளையாட்டை அதைச் செய்தவர்கள் பதினான்கு மாதம் செதுக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே, அதன் வழிவந்த ‘2048’, ஒரு வார இறுதியில் செய்யப்பட்டு, இலவசமாக வந்தது. 2048 என் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். த்ரீஸைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. எனக்கு இது வருத்தம்தான்.

குறையும் சொல்ல வேண்டும். ஏரிப் பகுதி தாண்டியதும் கடினம் படிப்படியாக ஏறுவதில்லை, திடீரென்று செங்குத்தாகிறது. வரைபடத்தில் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவலாம் என்பதால் தப்பித்தேன். போனில் எழுத்துகள் சிறியவை, ரயில் குலுக்கலில் பாபா ஓர் அடி அதிகம் போய்விடும். கணினி இருந்தால் அதில் ஆடுங்கள்.

அப்புறம், தள்ளும் சொற்கள் எல்லாம் ஆங்கிலம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் மொழிபெயர்த்தால் விளையாட்டே மாறிவிடும். நடுவில் நிற்கும் ‘இஸ்’தான் அதன் அச்சாணி, தமிழுக்கு அந்த அச்சாணி தேவையில்லை. ‘சுவர் தடை’ என்றால் வாக்கியம் முடிந்தது. கைடுகளில் ‘ஆகும்’ என்று வால் ஒட்டிக்கொண்டு வருவதைத்தான் நான் தினமும் அடித்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் எந்த இரண்டு பெயர்க் கட்டைகள் உரசினாலும் ஒரு விதி பிறந்துவிடும். எவ்வளவு ஆபத்தான விளையாட்டு அது! வேற்றுமை உருபுகளான ‘ஐ’யும் ‘கு’வும் தனிக் கட்டைகளானால் சொற்களை முன்பின்னாக வைத்தாலும் பொருள் நிற்கும்.

தமிழ் விளையாட்டு என்றால் அரைத்த மாவையே அரைத்து, மேலே ஒரு கோபுரம் வரைவது என்று ஆகிவிடக் கூடாது. 2023-இல் வந்த ‘வெண்பா’ வேறு வழியில் போனது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மாவின் சமையல் நோட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். அந்த அழிந்த வரி நம் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. நம் இலக்கணத்திலிருந்தும் அப்படி ஒன்று வரலாம் என்று பாபா ஆடிய பிறகு உறுதியாக நம்புகிறேன்.

போன ஞாயிறு பழைய புரூஃப் அட்டைகளை வெட்டி, சுவர், தடை, கொடி, வெற்றி என்று எழுதித் தரையில் பரப்பினோம். மகள் ‘வெற்றி’யைத் தள்ளிக்கொண்டுபோய்க் ‘கொடி’க்கு முன்னால் ஒட்டவைத்தாள். பிறகு கையை எடுக்காமல் அப்படியே நிறுத்தினாள்.

“அப்பா, நடுவுல க் வரணுமே. அதுக்கு ஒரு கட்டம் இடம் விடணுமா, இல்ல அது கொடியைத் தள்ளிவிட்டுடுமா?”