டெஸ்ட்டாஃபா, டிஎஸ்எச்சா: எங்கே வழுக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஜெர்மனியில் ஜெர்மன் மொழியிலேயே பட்டப்படிப்பு படிக்க நினைப்பவர் சேர்க்கைக்கு முன் மொழித்தகுதியைக் காட்டியாக வேண்டும். அதற்குப் பலரும் எழுதுவது டெஸ்ட்டாஃப் (TestDaF) அல்லது டிஎஸ்எச் (DSH) என்ற ஜெர்மன் மொழித்தேர்வு. "ரெண்டுல எது ஈஸி?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான்; வழுக்கும் இடம்தான் வேறு.

மதிப்பெண் கணக்கிலேயே அது தெரியும். டெஸ்ட்டாஃபில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 3, 4, 5 எனத் தனித்தனி நிலை. வழக்கமாகக் கேட்பது நான்கிலும் 4. வாசிப்பில் 5 வாங்கியவர் பேச்சில் 3 வாங்கினால், அந்த 3தான் பேசும். நான்கையும் கூட்டி 16 வந்தால் போதும் என்று விடும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள்.

டிஎஸ்எச்சின் எழுத்துத் தேர்வில் கேட்டல், வாசித்தல், இலக்கணம், கட்டுரை ஆகியவை 2:2:1:2 விகிதத்தில் ஒன்றாகக் கூட்டப்படும். எழுத்துத் தேர்வில் மொத்தமாக 67%, வாய்மொழியிலும் 67% வந்தால் டிஎஸ்எச்-2. பெரும்பாலான படிப்புகளுக்கு இது போதும். 57% என்றால் டிஎஸ்எச்-1, 82% என்றால் டிஎஸ்எச்-3. கேட்டலில் 50% மட்டுமே வாங்கியவர் வாசிப்பில் 80, இலக்கணத்தில் 75, கட்டுரையில் 70 வாங்கினால் கூட்டுத்தொகை ஏறத்தாழ 68. எழுத்துத் தேர்வு தாண்டிவிட்டது. கேட்டலில் மட்டும் பின்தங்கியிருப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

பேச்சில் நிலைமை தலைகீழ் என்று சிலர் சொல்வார்கள். அது ஆளைப் பொறுத்தது. கணினியில் எழுதும் டிஜிட்டல் டெஸ்ட்டாஃபில் எதிரே ஆள் இல்லை. ஹெட்ஃபோன், மைக், 35 நிமிடம், 7 பணிகள். யோசிக்க நேரம் ஓடும், பிறகு பதிவு ஓடும், நேரம் முடிந்ததும் நின்றுவிடும். இங்கே விழுகிறவர்கள் மொழி தெரியாமல் விழுவதில்லை. முன்னுரையிலேயே பாதி நேரத்தைச் செலவழித்து, கேட்ட கேள்விக்கு வருவதற்குள் பதிவு முடிந்துவிடுகிறது. டிஎஸ்எச்சில் தேர்வாளர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அதிகபட்சம் 20 நிமிடம். தடுமாறினால் கேள்வியை மாற்றிக் கேட்பார்கள். அதே சமயம், மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால் குறுக்குக் கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

இலக்கணத்துக்கு வருவோம். டெஸ்ட்டாஃபில் இதற்கென்று தனிப்பகுதி இல்லை. டிஎஸ்எச்சில் உண்டு: வாசிப்புப் பகுதியில் வந்த வாக்கியங்களைப் பொருள் மாறாமல் வேறு அமைப்பில் எழுத வேண்டும். துணைவாக்கியம் பெயர்ச்சொல் தொடராகும், செயப்பாட்டுவினை செய்வினையாகும், பெயருக்கு முன் நீளும் அடைத்தொடர் தனி வாக்கியமாகப் பிரியும். தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு சாதகமும் ஒரு கண்ணியும் இருக்கின்றன.

சாதகம்: 'டீ இன் டென் லெட்ஸ்டன் யாரன் கெஷ்டீகனன் கோஸ்டன்' என்ற தொடரைப் பார்த்து மற்ற மொழிக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நமக்கு அது 'கடந்த சில ஆண்டுகளில் உயர்ந்த செலவு', அவ்வளவுதான். அடை முன்னால், பெயர் கடைசியில். 'கெஷ்டீகனன்' உயர்ந்த என்றால் 'ஷ்டைகண்டன்' உயரும். நம் பெயரெச்சம் காலம் காட்டுவது போலவே இருக்கிறது.

கண்ணி: நம் பெயரெச்சம் செய்பவரையும் ஏற்கும், செயப்படுபொருளையும் ஏற்கும். 'படித்த புத்தகம்', 'படித்த மாணவன்' இரண்டும் சரி. ஜெர்மனில் 'டாஸ் கெலேஸன பூஹ்' சரி. 'டேர் கெலேஸன ஷ்டுடென்ட்' என்று எழுதினால் யாரோ அந்த மாணவனைப் படித்துவிட்டார்கள் என்று ஆகும்! செயப்படுபொருள் ஏற்கும் வினையின் இறந்தகால எச்சம் ஜெர்மனில் செயப்பாட்டுப் பொருளையே தரும். செய்பவரைச் சொல்ல வேண்டுமானால் 'டேர்' என்று தொடங்கும் துணைவாக்கியத்துக்குப் போக வேண்டும். தமிழில் யோசித்து ஜெர்மனில் எழுதும்போது இந்தத் தவறு சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்து வினைகளை எடுத்து இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தால் பிடிபடும்.

எழுத்தில், டிஜிட்டல் டெஸ்ட்டாஃப் 60 நிமிடத்தில் இரண்டு பணிகள் தருகிறது. ஒன்று, 200 சொற்களுக்குக் குறையாத வாதக் கட்டுரை. மற்றொன்று, ஒரு பனுவலையும் வரைபடத்தையும் இணைத்து 100 முதல் 150 சொற்களில் சுருக்கம். தட்டச்சு மெதுவாக இருந்தால் மொழி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஜெர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும்; மையத்தில் எந்தப் பலகை என்று முன்பே கேட்டுவிடுங்கள். டிஎஸ்எச் கட்டுரை ஏறத்தாழ 250 சொற்கள், 70 நிமிடம்.

இடம், நேரம் பற்றிச் சுருக்கமாக: டெஸ்ட்டாஃபை நடத்தும் நிறுவனம் ஜெர்மனியின் போஃகும் (Bochum) நகரில் இருக்கிறது, தேர்வு மையங்களோ பல நாடுகளில். டிஎஸ்எச்சை அந்தந்த ஜெர்மன் பல்கலைக்கழகமே நடத்தும், வினாத்தாளும் அதுவே தயாரிக்கும். ஆகவே நீங்கள் போகும் பல்கலைக்கழகத்தின் மாதிரித் தாளைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். வேறு ஊர்த் தாளை எத்தனை முறை போட்டாலும் பாதிப் பயன்தான். மொழித்தகுதிச் சான்று இல்லாமல் முதலிலேயே ஜெர்மனிக்குப் போய் எழுதுவது பணத்தளவிலும் துணிச்சலான காரியம். கிளம்புவதற்கு முன்பே சான்று கையில் இருக்க வேண்டும் என்பவருக்கு டெஸ்ட்டாஃப்தான் வழி. அங்கே ஏற்கெனவே மொழி வகுப்பில் உட்கார்ந்திருப்பவர், இலக்கணம் கைவந்தவர், டிஎஸ்எச்சைத் தயங்காமல் எடுக்கலாம்.

மூன்றாவது வழி, கோதே நிறுவனம் நடத்தும் சி2 தேர்வு. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60. விழுந்த பகுதியை மட்டும் மறுபடி எழுதினால் போதும். ஆனால் மொழித்தரத்தில் இது சி1ஐவிட ஒரு படி அதிகம். அதைப் பார்த்துவிட்டு கோதே சி1ஐ எழுதி வைத்துக்கொண்டு, 'சி1தானே கேட்கிறார்கள்' என்று விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. கட்டணம் கட்டும் முன், சேரப்போகும் படிப்பின் சேர்க்கைப் பக்கத்தில் எந்தச் சான்றின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.