லூக்காவா, சான் ஜிமிஞ்ஞானோவா: வளர்ந்த மகளோடு போக எது?

இரண்டும் இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள மதில் சூழ்ந்த ஊர்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்காக:

போய்ச் சேர:
லூக்கா – ரயில் நிலையம் மதிலுக்கு வெளியிலேயே. பீசாவிலிருந்து ஏறக்குறைய அரை மணி.
சான் ஜிமிஞ்ஞானோ – ரயில் கிடையாது. போஜிபோன்சியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

மதில்:
லூக்கா – இதில் போட்டியே இல்லை. மதில்மேலேயே சுமார் 4 கிலோமீட்டர், மர நிழலில் பாதை. வாடகை சைக்கிளில் மகள் முன்னால் பறக்கட்டும். நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள், சுற்றிக்கொண்டு உங்களிடமே வந்து சேர்வாள். எந்நேரமும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டியதில்லை என்பது இருவருக்குமே நிம்மதி.
சான் ஜிமிஞ்ஞானோ – மதில் உண்டு, ஆனால் கண் அங்கே போகாது; 14 இடைக்காலக் கோபுரங்கள் இழுத்துக்கொள்ளும்.

முழங்கால்:
லூக்கா – சமதளம். மரங்கள் முளைத்த குயினீஜி கோபுரம் ஏறினால்தான் மூச்சு வாங்கும்.
சான் ஜிமிஞ்ஞானோ – குன்றின்மேல் ஊர், தெருவே ஏற்றம்.

கூட்டம்:
சான் ஜிமிஞ்ஞானோவில் பகல் முழுக்க நெரிசல், மாலையில் தணியும்.

பேசிக்கொண்டே நடக்க லூக்கா. மகள் கேமராவும் கையுமாக அலைபவள் என்றால் சான் ஜிமிஞ்ஞானோ. ஆனால் ஓர் இரவு தங்குவதானால் மட்டும்.