எச்4 ஹெட்லைட்டுக்கு ஆஸ்ராம் நைட் பிரேக்கர் லேசர் வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாலஜன் (உள்ளே இழை எரியும் வகை) ஹெட்லைட் உள்ள காருக்கு ஆஸ்ராமின் நைட் பிரேக்கர் லேசர் நல்ல பல்பு. கொடுத்த காசுக்கு வெளிச்சம் கூடுகிறது, எதிரில் வருகிறவர் கண்ணும் தப்பிக்கிறது. ஆனால் இதை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு உட்கார்ந்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். ஹெட்லைட் கண்ணாடி மங்கி, வயரிங் சோர்ந்து, லைட் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிற காரில் எவ்வளவு விலை உயர்ந்த பல்பைப் போட்டாலும் வீண்.

நான் ஓட்டுவது பத்து வருடம் தாண்டிய சின்ன ஹேட்ச்பேக். எச்4 பல்பு, 60/55 வாட், பழைய ஸ்விஃப்ட், வேகன் ஆர் எல்லாவற்றிலும் இருக்கிற அதே வகை. இரவில் அதிகம் போவது அதிராம்பட்டினத்திலிருந்து மீமிசல், தொண்டி வழியாக ராமநாதபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில். நடுவில் தடுப்பு கிடையாது, ஊர் தாண்டினால் தெருவிளக்கும் கிடையாது. கறுப்பு மாடு தார் ரோட்டிலேயே படுத்திருக்கும், பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாமல் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகும், எதிரில் வருகிற பஸ் டிம் பண்ணவே பண்ணாது. அந்தச் சாலையில் இடது ஓரத்தில் நடந்து போகிற ஒருவர் நமக்கு எப்போது கண்ணில் படுகிறார் என்பதுதான் எல்லாமே. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை கொஞ்சம் அதிகம்.

பல்பு வாங்குவதற்கு முன்னால் செய்த வேலைகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிடைத்த வெளிச்சத்தில் பெரிய பங்கு அங்கிருந்துதான் வந்தது. இப்போதைய கார்களில் ஹெட்லைட் "கண்ணாடி" என்று நாம் சொல்வது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே இருக்கிற பாதுகாப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்துபோனால் மஞ்சளாகி மங்கிவிடும், ஒளி வெளியே போவதற்குப் பதிலாக அங்கேயே சிதறும். தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்து, கடைசியில் புறஊதா தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள் ஏறும். டூத்பேஸ்ட் தேய்க்கிற வைத்தியமும் இதே கதைதான், பார்க்கப் பளிச்சென்று இருக்கும், நிற்காது.

அடுத்தது மின்சாரம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறையாது, அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். வோல்டேஜ் 5% குறைந்தால் வெளிச்சம் சுமார் 16% போய்விடும், 10% குறைந்தால் கிட்டத்தட்ட 30% போய்விடும். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியில் ஒரு தடவை, பல்பின் கப்ளரில் (பல்பின் பின்னால் மாட்டும் பிளக்) ஒரு தடவை அளந்து பாருங்கள். என் காரில் பேட்டரியில் 14.1 வோல்ட், பல்புக்கு வந்து சேர்ந்தது 12.7. சுவிட்ச், மெல்லிய வயர், பச்சை பிடித்த எர்த் பாயின்ட் எல்லாமாகச் சேர்ந்து இடையில் தின்றுவிட்டன. ரிலே (சின்ன மின்சாரத்தில் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) கிட் ஒன்று வாங்கி மாட்டியதும் அது சரியானது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரில் நேராகப் பல்புக்கு மின்சாரம் போகும், பழைய கப்ளர் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். செராமிக் ஹோல்டர் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள், சூட்டைத் தாங்கும். கம்பெனி வயரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத கிட்கள் கிடைக்கின்றன, "வெட்டி ஒட்டித் தரேன்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

இந்த இரண்டும் முடிந்த பிறகு பழைய பல்பிலேயே ஓட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு கார் மாதிரி இருந்தது.

சரி, இப்போது பல்புக்கு வருவோம். பெட்டியில் "150% வரை அதிக வெளிச்சம்" என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு இரண்டரை மடங்கு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவோடு, அதுவும் சாலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் விழும் ஒளியை ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. எச்4 பல்பு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் மொத்த ஒளி ஹை பீமில் 1650 லூமென், லோ பீமில், அதாவது டிம்மில், 1000 லூமென் என்ற விதிக்குள், கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்க முடியும். அப்படியென்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இழை நுணுக்கமாகச் சுற்றப்பட்டு அதிகச் சூட்டில் எரிகிறது, உள்ளே செனான் வாயு இருக்கிறது, ஒளி ஒரு சிறிய புள்ளியிலிருந்து கிளம்புவதால் ரிஃப்ளெக்டர் (பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம்) அதை அள்ளித் தூரத்துக்கு எறிய முடிகிறது. மொத்தம் பெரிதாகக் கூடாமலேயே தேவையான இடத்தில் கூடுகிறது.

ரோட்டில் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. லோ பீமில் காருக்கு நேர் முன்னால் இருக்கிற தரையில் பெரிய மாற்றம் இல்லை. இடது ஓரம்தான் மாறியிருக்கிறது. நம் ஊர் ஹெட்லைட்டில் வெளிச்சத்தின் மேல் எல்லை இடது பக்கம் மட்டும் சற்று மேலேறி இருக்கும், நடந்து போகிறவர்களும் சைக்கிளும் பெயர்ப்பலகையும் தெரிவதற்காக. அந்தப் பகுதி இப்போது நன்றாக நீண்டு தெரிகிறது. ஹை பீம் இன்னும் நன்று, நேர் சாலையில் மைல்கல் முன்பைவிடத் தூரத்திலேயே தென்படுகிறது. நிறம் பழைய பல்பைவிட வெண்மை, ஆனால் நீலம் இல்லை. மழையில் நனைந்த தார் ரோட்டில் இந்த லேசான மஞ்சள் கலந்த வெளிச்சம்தான் என் கண்ணுக்கு ஒத்துவருகிறது.

குறை இல்லாமல் இல்லை. அதிகச் சூட்டில் எரியும் இழை சீக்கிரம் தேயும், இந்த ரகப் பல்புகள் எல்லாவற்றுக்கும் ஆயுள் குறைவு. அதே கம்பெனியே நீண்ட நாள் உழைக்க அல்ட்ரா லைஃப் என்று தனியாக ஒரு ரகம் விற்கிறது. ரிலே போட்டுப் பல்புக்கு முழு வோல்டேஜும் போகும்போது ஆயுள் இன்னும் கொஞ்சம் குறையும். விலையும் சாதாரண பல்பைவிடப் பல மடங்கு. தினமும் டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, தெருவிளக்கு வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது.

இப்போது எல்இடி. எந்த ஆக்சஸரீஸ் கடைக்குப் போனாலும், சென்னை ஜி.பி. ரோடு ஆகட்டும் நம்மூர் பைபாஸ் கடை ஆகட்டும், முதலில் கையில் தருவது எல்இடி பல்புதான். "சார், இதப் போடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். என் மாமா வண்டியில் அப்படி ஒரு செட் போட்டார்கள். பின்னால் உட்கார்ந்து பார்த்தால் உண்மையிலேயே பகல் மாதிரிதான் இருந்தது. எதிரில் என் வண்டியில் வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது, அவர் டிம்மில் வருகிறார், எனக்கு ரோடே தெரியவில்லை.

காரணம் எளிது. எச்4 பல்புக்குள் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. கீழ்ப்பக்கம் போகிற ஒளியை அது மறைப்பதால்தான் டிம்மில் வெளிச்சம் மேலே ஏறாமல் கோடு போட்டது போல நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை இருக்கும் துல்லியமான இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு அமைத்தது. எல்இடியில் சிப்புகள் தட்டையாக இரண்டு பக்கமும் இருக்கும், பருமனும் வேறு, கொஞ்சம் திரும்பினாலும் ஒளி நாலாபக்கமும் தெறிக்கும். காருக்கு முன்னால் பத்தடி தரை பளீரென்று எரிவதால் ஓட்டுகிறவருக்குப் பிரமாதமாகத் தோன்றும், ஆனால் அந்தப் பளீரே கண்மணியைச் சுருக்கித் தூரத்தை இருட்டாக்கிவிடும். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி உண்டு, அதுவும் ஒவ்வொரு கார் மாடலின் ஹெட்லைட்டோடும் சோதித்துப் பார்த்து, அந்தப் பட்டியலில் இருக்கிற கார்களுக்கு மட்டும். நம் கடைகளில் "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்" என்று விற்பது அந்த ரகம் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள், பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு டிவிஎஸ் 50-ல் எதிரே வருகிறவர் ஒரு நிமிடம் குருடாகிப் போவது யார் கணக்கில் சேரும்?

90/100 வாட் பல்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். கப்ளர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், டிம்மிலும் எதிரே வருகிறவருக்குக் கூசும்.

மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், கையிலுள்ள எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும். பல்பின் உலோக வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற மூன்று காதுகளில் அகலமானது மேலே வர வேண்டும். ரப்பர் மூடியைச் சுற்றிலும் சரியாக அமுக்குங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள், வெளிச்சத்தின் மேல் கோடு பல்பின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையும் இருந்தால் மூக்கு தூக்கி இந்தக் கணக்கு மாறிவிடும். 0 முதல் 3 வரை எண் போட்ட லெவல் திருகு உங்கள் காரில் இருந்தால் அது அதற்காகத்தான்.

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். கழற்றிய பழைய பல்புகள் எரிகிற நிலையில் இருந்தால் பஞ்சில் சுற்றி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள், புதியது ஒன்று வழியில் போனால் அந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.