விஷுவல் ஸ்டூடியோ: ஐந்தாறு பேர் கம்பெனிக்கு எது கட்டுப்படியாகும்?

சிங்கப்பூரில் நான்கைந்து பேரை வைத்து மென்பொருள் செய்து கொடுக்கும் நம்மவர்கள் பலருக்கு மைக்ரோசாஃப்டின் ஆக்‌ஷன் பேக் பழகிப்போன ஆண்டுச் சந்தாத் தொகுப்பு. ஆண்டுக்குச் சுமார் 475 அமெரிக்க டாலர் கட்டினால் அலுவலகத்துக்கு ஆஃபீஸ், சர்வர் மென்பொருள், கொஞ்சம் அஷூர் கிரெடிட் (மைக்ரோசாஃப்டின் கிளவுடில் செலவழிக்கிற தொகை), புரோகிராம் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவின் சந்தா எல்லாம் சேர்ந்து வந்துவிடும். 2025 ஜனவரி 22 முதல் அதை வாங்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. அந்த இடத்தில் இப்போது 345, 895, 3,995 டாலர் என்று மூன்று பேக்கேஜ்கள் இருக்கின்றன.

இதை மைக்ரோசாஃப்ட் முன்பும் ஒருமுறை செய்யப் பார்த்தது. பங்காளியாக (பார்ட்னராக) பதிந்த நிறுவனங்கள் தங்கள் உள்வேலைக்கு மென்பொருளை இலவசமாக ஓட்டும் உரிமையை நிறுத்தப்போவதாக 2019 ஜூலையில் அறிவித்தது. எல்லாரும் கூச்சல் போட்டதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. இந்தமுறை பின்வாங்கவில்லை. ஆகவே வேறு வழி பார்த்துத்தான் ஆகவேண்டும்.

விலைப்பட்டியலைத் திறக்குமுன் நான் கேட்பது ஒன்றுதான்: கட்டுவதை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்? ஆக்‌ஷன் பேக்கில் ஒன்றும் மிஞ்சாது. சந்தா முடிகிற நாளோடு அந்த மென்பொருளை ஓட்டும் உரிமையும் முடிகிறது. சர்வர் தானாக நின்றுவிடாது என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

முதலில் இலவசமானதைப் பார்ப்போம். விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி 2014 நவம்பரில் வந்தது. தனியாள் என்றால் எதற்கும் பயன்படுத்தலாம். சிறு நிறுவனம் என்றால் ஐந்து பேர் வரை. 250 கணினிகளுக்கு மேல், அல்லது ஆண்டு வருமானம் பத்து லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனால் அது பெருநிறுவனம், கம்யூனிட்டி கிடையாது. ஐந்து பேர் வரை உள்ள கம்பெனிக்கு என் பதில் இங்கேயே முடிந்துவிடுகிறது. ஏழு பேர் இருந்தாலும் ஐந்து பேருக்கு இதைக் கொடுத்துவிட்டு மீதி இரண்டு பேருக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கலாம். ஏழு பேருக்கும் சேர்த்து வாங்கச் சொல்லும் விற்பனையாளரிடம் இதைக் கேளுங்கள்.

ஆனால் இங்கே நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. சென்னையிலோ கோவையிலோ தாய் நிறுவனம், இங்கே நான்கு பேர் கொண்ட கிளை என்றால் அந்த நான்கை மட்டும் எண்ணக்கூடாது. இணை நிறுவனங்களையும் சேர்த்துத்தான் கணக்கு. அங்கே முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தால் இங்குள்ள நால்வரும் பெருநிறுவனத்து ஆட்களே. அடுத்தது ஆள் அனுப்பும் வேலை. உங்கள் கம்பெனிப் பையன் சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கியின் செயலியை எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவன் அந்த வங்கியின் ஒப்பந்த ஊழியன். பெருநிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர்களுக்கும் தடை உண்டு. அவனுக்கு உரிமம் யார் வாங்குவது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. தணிக்கை வந்தபிறகு பேசினால் வங்கி உங்களைத்தான் கைகாட்டும்.

சரி, காசு கொடுத்து வாங்குவது என்றால், புரொஃபஷனல் என்கிற கட்டணப் பதிப்புக்கே மூன்று வழிகள். மாதச் சந்தா ஆளுக்கு 45 டாலர். ஆண்டுச் சந்தா முதல் ஆண்டு 1,199, அப்புறம் புதுப்பிக்க 799. இவை தவிர, ஒரே தடவை 499 டாலர் கொடுத்து வாங்கிவிடுகிற உரிமம். எல்லாம் மைக்ரோசாஃப்டின் அமெரிக்கப் பட்டியல் விலை. இங்கே வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) எவ்வளவு என்று வாங்குகிற அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் 45 என்பது கைக்கு லேசாகத் தெரியும். ஐந்து பேருக்கு ஓராண்டு கூட்டிப் பார்த்தால் 2,700 டாலர். அதே ஐந்து பேருக்கு ஒரே தடவை உரிமம் வாங்கினால் 2,495. அதாவது பன்னிரண்டு மாத வாடகையைவிடச் சொந்தமாக வாங்குவது மலிவு! அது காலத்துக்கும் உங்களுடையது. 2022 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2032 ஜனவரி வரை வரும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். மாதச் சந்தாவை நிறுத்தினால் அடுத்த மாதமே மென்பொருள் போய்விடும். அஷூர் கிரெடிட்டும் அதில் கிடையாது, சோதனைக்கான சர்வர் மென்பொருளும் கிடையாது. மூன்று மாத ப்ராஜெக்டுக்கு ஆள் எடுத்தால் மட்டுமே மாதச் சந்தா எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆண்டுச் சந்தாதான் கொஞ்சம் யோசிக்கவேண்டியது. மூன்று ஆண்டுகளுக்கு ஆளுக்கு 2,797 டாலர் என்று பார்த்தால் தலை சுற்றும். ஆனால் மாதம் 50 டாலர் அஷூர் கிரெடிட் உண்டு. ஆண்டுக்கு 600, மூன்று ஆண்டுக்கு 1,800. முழுவதும் செலவழித்தால் கையிலிருந்து போவது 997 மட்டும்; மாதச் சந்தாவில் அதே காலத்துக்கு 1,620. சந்தா இருந்த காலத்தில் எடுத்த மென்பொருளை அதன் பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். “முழுவதும் செலவழித்தால்” என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கிரெடிட் ஆளுக்கு ஆள் தனித்தனி. ஐந்து பேருடையதை ஒன்றாகச் சேர்க்க முடியாது. மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகாது. சோதனைக்கு மட்டுமே, வாடிக்கையாளர் பயன்படுத்தும் தளத்தை அதில் ஓட்டக்கூடாது. தினமும் டெஸ்ட் சர்வர் ஏற்றி இறக்குகிற ஒருவர் இருவருக்கு இதை வாங்கலாம். அந்தச் சந்தா மென்பொருள் போட்ட சர்வரைத் தொடுகிற ஒவ்வொரு டெவலப்பருக்கும் சந்தா வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளுக்காக மட்டும் வாங்க நினைத்தால் வேண்டாம். அதன் டெவலப்பர் பதிப்பு 2016 முதல் இலவசம். விண்டோஸ் சர்வரும் சோதனைக்கு 180 நாள் இலவசமாகக் கிடைக்கிறது. புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால் மறுபடி 1,199லிருந்துதான்.

இவற்றோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளிக்குக் கீழே இருந்து, வரிக்குப் பதிவு செய்யாத கம்பெனி என்றால் இந்த வரியைத் திரும்பக் கேட்க முடியாது. 2,700 டாலரில் 243 டாலர் அப்படியே செலவுதான். பதிவு செய்தவர்கள் வெளிநாட்டு விற்பனையாளரிடம் பதிவு எண்ணைக் கொடுத்தால் வரி போடமாட்டார்கள். உள்ளூரில் வாங்கினால் கட்டியதைத் திரும்பக் கோரலாம். இதற்காகத் தானாகப் போய்ப் பதிவு செய்வது வேண்டாத வேலை. குறைந்தது இரண்டு ஆண்டு அதில் இருக்கவேண்டும், உங்கள் வாடிக்கையாளர் பில்லிலும் 9 விழுக்காடு ஏறும். இன்னொன்று: இங்கே வெள்ளிக் கணக்கு, கம்யூனிட்டிக்கு அமெரிக்க டாலர் கணக்கு. வரிப் பதிவு எல்லையைத் தாண்டிய கம்பெனிக்கும் கம்யூனிட்டி கிடைக்கிற இடைவெளி ஒன்று இருக்கிறது.

விஷுவல் ஸ்டூடியோவுக்குப் போட்டியான, ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் ரைடரை இந்த வரிசையில் நான் மேலேயே வைப்பேன். 2015இல் அவர்கள் சந்தாவுக்கு மாறியபோது டெவலப்பர்கள் கொதித்துப்போனார்கள். அதன் விளைவாக வந்த ஏற்பாடு இது: பன்னிரண்டு மாதம் கட்டிவிட்டால், அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த பதிப்பு என்றைக்கும் உங்களுடையது. மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். 2024 அக்டோபர் முதல் வணிகம் சாராத வேலைக்கு இலவசம், ஆனால் கம்பெனி வேலை அதில் வராது. கிரெடிட், சர்வர் எதுவும் கூட வராது. 2025 அக்டோபரில் விலையும் ஏறியது.

மைக்ரோசாஃப்டின் புதிய மூன்று பேக்கேஜ்கள், அஷூரையும் மைக்ரோசாஃப்ட் 365ஐயும் வாடிக்கையாளருக்கு விற்கும் கம்பெனிகளுக்குத்தான் பொருந்தும். புரோகிராம் எழுதுவது மட்டும் தொழில் என்றால் தேவையில்லை.

“விஎஸ் கோடு இருக்கிறதே, அது இலவசம்தானே?” என்பார்கள். மைக்ரோசாஃப்டின் அந்தச் சிறிய எடிட்டர் இலவசம்தான், எந்தக் கம்பெனிக்கும். ஆனால் சி ஷார்ப் மொழியில் எழுத எல்லாரும் அதில் போடுகிற சி ஷார்ப் டெவ் கிட் என்ற நீட்சிக்குக் கம்யூனிட்டியின் அதே நிபந்தனைகள்; ஆறாவது ஆள் அதைப் போட்டால் அவருக்கு விஷுவல் ஸ்டூடியோ சந்தா வேண்டும். டெவ் கிட்டை விட்டுவிட்டு அடிப்படை சி ஷார்ப் நீட்சியோடு ஓட்டலாம். ப்ராஜெக்ட் கோப்புகளை வரிசையாகக் காட்டும் சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரர் இருக்காது, மற்றபடி வேலை நடக்கும்.